அக்காவின் கடைவாய்ப் பல்

மதிய வெயில் திரைச்சீலையில் வடிந்து வந்து, சாய்நாற்காலியில் வாய் திறந்து கிடக்கும் அக்காவின் நெற்றியில் தேங்கி நிற்கிறது. பல் மருத்துவரான தங்கை, களிம்பு பூசி இளக்கிய சொத்தையை அவளது கடைவாய்ப் பல்லிலிருந்து சின்னக் கரண்டியால் வழித்தெடுக்கிறாள். டிரில் சத்தம் கேட்டாலே அக்கா நாற்காலியை விட்டு இறங்கிவிடுவாள். அதற்காகத்தான் இந்தக் களிம்பு வைத்தியம். "நீ கை வச்சாலே தூக்கம் வருதுடி" என்று சொன்னவள், போன தடவை போலவே இதோ கண்ணயர்ந்துவிட்டாள். போன தடவை அந்தத் தூக்கத்தைக் கலைக்க மனம் வராமல்தான், களிம்பைத் தண்ணீர் பீய்ச்சி அலசாமல், பஞ்சால் ஒற்றியெடுத்ததோடு விட்டாள் தங்கை. களிம்பு மிச்சமிருந்தால் பசை எங்கே ஒட்டும்? பல்லில் அடைத்தது ஒரே வாரத்தில் பெயர்ந்து அக்காவின் உள்ளங்கைக்கு வந்துவிட்டது. "நான்தான் கண்டதையும் கடிச்சிருப்பேன்" என்று பழியையும் அக்காவே தன் மேல் தூக்கிப் போட்டுக்கொண்டாள். இப்போது நீர்க்குழாயின் பொத்தான் மேல் தங்கையின் விரல் தயங்குகிறது. மனசைக் கல்லாக்கிக்கொண்டு அழுத்துகிறாள். தூவல் வெயிலில் பொடிப்பொடியாக மின்னுகிறது. தூக்கிவாரிப்போட்டு விழித்த அக்கா, தங்கையின் வெள்ளைக் கோட்டை இறுகப் பற்றிக்கொள்கிறாள். "என்னடி, மழையா?" என்று பஞ்சுக்கு நடுவே குழறுகிறாள். "ஆமாக்கா, விட்டுடுச்சு. நீ தூங்கு." காற்றூதி உலர்த்தி, பசை தடவி, அடைத்து, அடைப்பு இறுக நீல வெளிச்சத்தைக் காட்டுகிறாள். அறை முழுக்க ஒரு கணம் ஆழ்கடலாகிறது. வெளிச்சம் அணைந்ததும் கருவி முனையால் அடைப்பை நெம்பிப் பார்க்கிறாள், அசையவில்லை. மெல்ல எழப் பார்க்கிறாள்; தூங்குகிறவளின் கையிலிருந்து கோட்டும் வரவில்லை.