ஜன்னலோரம் நின்று பார்த்தது

"கோள் சொல்றேன்னு நெனைக்காதீங்க சார். அந்தம்மா கிளாஸ்ல நடக்கிற கூத்து உங்களுக்குத் தெரியணும், அவ்ளோதான்!"

ஜம்புலிங்கம் கோள்தான் சொல்ல வந்திருந்தார். எதிரே உட்கார்ந்திருந்த பேராசிரியர் பாலசுப்பிரமணியனைப் பல்கலைக்கழகம் அனுப்பியிருந்தது. திருத்தணி மாலைக் கல்லூரியின் பகுதிநேர விரிவுரையாளர்களில் சிறந்தவரை அவர் தேர்ந்தெடுக்க வேண்டும். விருதோடு நிரந்தர வேலையும் உண்டு.

பொருளாதாரத்துக்குப் பகுதிநேரக்காரர்கள் இரண்டே பேர், ஜம்புலிங்கமும் மனோரமாவும். மனோரமா வகுப்பில் சிரிப்புச் சத்தம் கேட்டாலே ஜம்புலிங்கத்துக்கு வயிறு எரியும். அவருக்குப் பெண் பார்க்கப் போன வீடுகளில் எல்லாம், "வேலை பர்மனென்ட்டா?" என்றுதான் முதலில் கேட்டார்கள்.

"என்ன கூத்து?" பேராசிரியரின் முகம் இறுகியது.

"இங்கிலீஷ்ல நடத்த வேண்டிய பி.யூ.சி. கிளாஸுங்க. அந்தம்மா தெலுங்குல பேசிகினு இருக்குது! வூட்ல தெலுங்கு பேசற ஆர்.கே.பேட்டைப் பசங்க முழிச்சா போதும், 'ரா நைனா'ன்னு கூப்ட்டு மறுபடியும் மொதல்லேருந்து ஆரம்பிச்சிடுது."

"அப்புறம்?"

"அம்மையார்குப்பத்துல தறி ஓட்றவங்க வூட்டுப் பையன் ஒருத்தன். பொடவை வெல ஏன் ஏறுது, ஏன் எறங்குதுன்னு அவனை மேடையேத்திச் சொல்ல வைக்குது. அந்தம்மா போயி அவன் பெஞ்சுல குந்திக்குது. வாத்தியார் குந்துற எடமா சார் அது?"

"அதோட விட்டுடறாங்களா?"

"எங்க? அதையே இங்கிலீஷ்ல தப்பில்லாம எழுதற வரைக்கும் எவனையும் வெளிய விடறதில்ல. பஸ்ஸே போனாலும் சரி. பாவம் சார் பசங்க!"

"யாராவது சொன்னதா இதெல்லாம்?"

"யாராவது வந்து சொல்லணுமா? ஒரு மாசமா ஜன்னலோரம் நின்னுகினு நானே பாக்கறேன் சார்."

"நாலு பேர் முன்னாடி கேட்டா சொல்வீங்களா?"

"மலை மேல இருக்கிற முருகன் சத்தியமா சொல்வேன்!"

"சரி, நீங்க போங்க."

மனோரமா தொலைந்தாள் என்று ஜம்புலிங்கத்துக்கு ஒரே சந்தோஷம். அன்று ஓட்டலில் இரண்டு தட்டு கேசரி சாப்பிட்டார்.

மறுநாள் விழாவில் பேராசிரியர் எழுந்தார். "இந்த விருது மனோரமா அவர்களுக்கு!"

ஜம்புலிங்கத்துக்குக் காது அடைத்தது.

"மாணவர்கள் எல்லா ஆசிரியர்களையும்தான் புகழ்கிறார்கள். அதனால் கூட வேலை செய்கிற ஒருவர் வகுப்பை நேரில் பார்த்துவிட்டு வந்து சொல்ல வேண்டும் என்பது எங்கள் விதி. ஜம்புலிங்கம் ஒரு மாதம் நின்று பார்த்துச் சொன்னார். இப்படி ஒரு வகுப்பைப் பற்றி நான் கேள்விப்பட்டதே இல்லை. அவரே வந்து சால்வை போர்த்தட்டும்!"

கைதட்டல் ஓயவில்லை. ஜம்புலிங்கம் மேடையேறிச் சால்வையைப் போர்த்தினார்.

"எனக்காகப் போயி பேசினீங்களா சார்?" மனோரமாவின் கண்கள் கலங்கியிருந்தன. "ரொம்ப நன்றிங்க."

பேராசிரியர் ஜம்புலிங்கத்தின் காதருகே குனிந்தார். "நேத்து நீங்க வந்து பேசற வரைக்கும் உங்க பேரைத்தாங்க முடிவு பண்ணி வெச்சிருந்தேன். உங்க வகுப்பைப் பத்தி வந்து அப்படிப் புகழ்ந்துட்டுப் போனது இந்தம்மாதான்!"