அடி சிவந்த காய்

ஜெராய் மலையின் உச்சி மேகத்துக்குள் போய்விட்டது. புக்கிட் செலம்பாவ் ஊர்ப் பக்கம் மழைக்காற்று திரும்பியிருக்கிறது. வீட்டு முன்னால் பெயிண்ட் வாளிகளில் வளரும் தக்காளிச் செடிகளருகே வாசுகி குனிந்து நிற்கிறாள். ஒரு காய்க்கு அடிப்பக்கம் மட்டும் லேசாகச் சிவந்திருக்கிறது. இந்தப் பதத்தில் பறித்து உள்ளே வைத்தால் தானாகப் பழுத்துவிடும். மழையில் விட்டால் தண்ணீர் ஏறி வெடித்துவிடும். இதைச் சொல்லிச் சொல்லியே அவள் காதைத் துளைத்தவர் கணவர் காளிதாசன். இப்போது வாசலில் சக்கர நாற்காலியில் இருக்கிறார். பக்கவாதத்தோடு ஆஸ்பத்திரியிலிருந்து வந்த நாள்முதல் பேச்சில்லை. கட்டிய மனைவியை அடையாளம் தெரிகிறதா என்றே புரியவில்லை. "என்னாங்க, மழை வருது லா. பறிச்சிடவா?" அவருடைய கைலிதான் காற்றில் படபடக்கிறது. பார்வை வேலியைத் தாண்டி எங்கோ கிடக்கிறது. வாசுகி சிவந்ததை விட்டுவிட்டு, பக்கத்தில் கல் மாதிரி இருக்கும் முழுப் பச்சைக் காயைப் பிடிக்கிறாள். முன்பெல்லாம் இப்படிப் பதம் வராததில் கை வைத்தால் வீட்டையே இரண்டாக்கிவிடுவார். அவர் முகத்திலிருந்து கண்ணை எடுக்காமல் காம்பை மெல்லத் திருகுகிறாள். தகரக் கூரையில் முதல் துளிகள் விழுகின்றன. அவர் அசையவில்லை. இன்னும் கொஞ்சம் திருகுகிறாள். காம்பு நெரிகிறது. அவருடைய கோணிய வாயிலிருந்து எரிச்சலாக ஒரு சத்தம் வருகிறது: "ம்ஹூம்!" மழை கொட்டத் தொடங்குகிறது. சிவந்த காய் நனைகிறது. வாசுகி அதைத் திரும்பிப் பார்க்கவில்லை. இன்னொரு தடவை அதட்டட்டும் என்று பச்சைக் காயை மறுபடியும் திருகுகிறாள்.