தட்டு மறையும் ஆழம்

"மறஞ்சிடுச்சு மேடம்" என்றார் படகுக்காரர்.

மறையவில்லை. கயிற்றில் கட்டி இறக்கிய வெள்ளைத் தட்டு, ஏரித் தண்ணீரைச் சோதிக்க வந்த அவளுக்கு இன்னும் பளிச்சென்று தெரிந்துகொண்டிருந்தது.

தட்டு கண்ணுக்கு மறைகிற ஆழம்தான் ஏரிக்குள் வெயில் எவ்வளவு தூரம் இறங்குகிறது என்பதற்குக் கணக்கு. ஆளுக்கு ஆள் பார்வை மாறும் என்பதால் இரண்டு பேர் பார்த்துச் சொல்ல வேண்டும். நடு ஏரியில் இரண்டாவது ஆளுக்கு அவள் எங்கே போவாள்? துடுப்புப் போடுகிறவரையே பிடித்துக்கொண்டாள்.

நாளுக்கு நாள் தண்ணீர் தெளியத் தெளிய அவள் சொல்லும் ஆழம் ஏறிக்கொண்டே போனது. அவருடையது மட்டும் பழைய இடத்திலேயே நின்றது.

கண்ணாடியை மாற்றுங்கள் அண்ணே என்று தினமும் கேலி செய்வாள். அவரும் சிரித்து வைப்பார்.

காட்டை மூழ்கடித்துத் தேக்கிய ஏரி அது. ஓடையில் ஊறி வரும் இலைச்சாறு கலந்து, தண்ணீர் எப்போதும் கடுங்காப்பி நிறத்தில்தான் இருக்கும். வெயில் அதில் ஓர் ஆள் உயரம்கூட இறங்காது. வெளிச்சம் கிடைக்காமல் பாசியும் அடங்கிக் கிடக்கும்.

இந்தக் கோடையில் ஓடை வற்றிவிட்டது. புதுச்சாறு வரவில்லை. இருந்த நிறத்தையும் வெயில், கொடியில் மறந்துபோன சட்டையை வெளுப்பதுபோல, கொஞ்சம் கொஞ்சமாக வெளுத்துவிட்டது.

இனி வெளிச்சம் உள்ளே போகும். பாசி பெருகும். ஏரி பச்சையாகி, ஊர் குடிக்கிற தண்ணீர் நாறும். அது வந்துவிடக் கூடாதே என்றுதான் அவள் தினமும் வேண்டிக்கொண்டிருந்தாள். பழுப்பு போய்ப் பச்சை வருவதற்கு நடுவே, சில நாட்கள் மட்டும்தான் தண்ணீர் இப்படித் தெளிந்து நிற்கும்.

கயிற்றை இன்னும் விட்டாள். தட்டு அடியில் போய் உட்கார்ந்தது. அப்போதும் தெரிந்தது. அதைச் சுற்றி, செத்த மரங்கள் கிளைகளை விரித்தபடி நின்றன.

"அண்ணே, அடியே தெரியுது! வந்து பாருங்க!"

நிமிர்ந்து பார்த்தாள்.

அவர் துடுப்பை மடியில் போட்டுக்கொண்டு, கண்களை இறுக்க மூடி உட்கார்ந்திருந்தார்.

இத்தனை நாளும் அவர் தண்ணீரைப் பார்க்கவே இல்லை என்பது அப்போதுதான் அவளுக்கு உறைத்தது.

"போன மழையில எங்க பெரியவன் செருப்பு இந்தக் கரையிலதான் கெடந்துச்சு மேடம். தேடினவங்களுக்குத் தண்ணிக்குள்ள ஒண்ணுமே தெரியல. அவன் பஸ் ஏறி எங்கயோ போயிட்டான்னு வீட்டுல அவங்கம்மாகிட்ட சொல்லி வெச்சிருக்கேன்." அவர் கண்ணைத் திறக்கவில்லை. "நீங்களே பாத்துச் சொல்லுங்க."

கேலி செய்ததெல்லாம் அவள் நெஞ்சைக் குத்தியது.

படகின் விளிம்பைப் பிடித்துக்கொண்டு குனிந்தாள். ஒவ்வொரு மரமாக, ஒவ்வொரு கிளையாகப் பார்த்தாள்.

"இங்க ஒண்ணும் இல்லண்ணே. வெறும் மரந்தான்."

அவர் பிடித்து வைத்திருந்த மூச்சை விட்டார். தோள் துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டு துடுப்பை எடுத்தார். அடுத்த இடத்தில் தட்டை இறக்க வேண்டும். அதற்கு அப்புறமும் இடங்கள் இருந்தன.

ஏரி நாலா பக்கமும் தெளிந்து கிடந்தது.

பாசி சீக்கிரம் வந்து மூடிவிடட்டும் என்று அவள் முதல் தடவையாக வேண்டிக்கொண்டாள்.