ஒரு கை மண்

ஆற்றின் அடிச்சேற்றில் வாழும் புழு, சிப்பிகளைக் கணக்கெடுக்க வந்த பிலோமினா குறித்து வைத்திருந்த இடம் இதுவல்ல. படகோட்டி ராசாங்கம் நடு ஆற்றில் துடுப்பை நிறுத்திவிட்டு, "இங்க ஒரு தடவ போடுங்கம்மா" என்றார். அவர் மகன் முழுகிப்போன இடம். தீயணைப்புக்காரர்கள் தேடிச் சலித்து நேற்றுதான் கிளம்பிப் போயிருந்தார்கள்.

"அண்ணே, இந்தக் கவ்வி ஒரு கை மண்ணுதான் அள்ளும்."

"அது போதும்மா."

கயிற்றை விட்டாள். இரும்புக் கவ்வி அடியைத் தொட்டு வாயை மூடிக்கொண்டது கைக்குத் தெரிந்தது. மேலே வந்ததைச் சல்லடையில் கொட்டி அலசினாள். கரிய சேறு மெல்லக் கரைந்தது. அவரும் குனிந்து விரலால் துழாவினார். ஒரு சட்டைப் பொத்தான்கூட இல்லை. சிவப்புப் புழுக்கள்தான் கொழுகொழுவென்று நெளிந்தன. வேறெங்கும் அவள் இத்தனை பார்த்ததில்லை.

ராசாங்கம் ஒன்றை உள்ளங்கையில் எடுத்து வைத்துக்கொண்டு வெகுநேரம் பார்த்தார்.

"நல்லா உசுரோட இருக்கு. அடியில இதுக்கெல்லாம் தீனி ஏதும்மா?"

பிலோமினாவுக்குப் பதில் தெரியும். சேறெல்லாம் போய்விட்ட சல்லடையை மறுபடியும் தண்ணீரில் முக்கி, நிமிராமல் அலசிக்கொண்டே இருந்தாள்.