பொங்காத பவுடர்

கொதிக்கக் கொதிக்க இருந்த தண்ணீரில் ஒரு கரண்டி பேக்கிங் பவுடரைப் போட்டாள் அண்ணி. உடனே நுரைத்துப் பொங்க வேண்டும். அதுவோ சுண்ணாம்பு மாதிரி கரைந்து அடியில் போய்ப் படுத்துக்கொண்டது.

"பாத்தீங்களா, உங்க தங்கச்சி கை பட்ட பவுடரு. செத்துக் கெடக்கு," என்றாள் அண்ணி, கேக் கடை முழுக்கக் கேட்கும்படி.

அண்ணன் கிண்ணத்தைப் பார்த்தார். பிறகு தங்கையைப் பார்த்தார். காலையில் சுட்ட கேக்குகள் மேசையில் தட்டையாகக் கிடந்தன. அடுப்புக்காரர் ஒன்றை எடுத்து விரலால் தட்டினார்.

"மொதலாளி, இத விக்க வேணாம். கதவுக்கு முட்டுக் குடுங்க, நல்லா நிக்கும்."

யாரும் சிரிக்கவில்லை. தங்கை தட்டைக் கேக்குகளை ஓரமாக அடுக்கத் தொடங்கினாள். புருஷன் மில் எந்திரத்தில் சிக்கிச் செத்த பிறகு ஒற்றைப் பையோடு அண்ணன் வீட்டுக்கு வந்தவள். அன்றிலிருந்தே அவளுக்கு எதுவும் உறைப்பதில்லை. தட்டில் என்ன விழுந்தாலும் தின்றாள், காதில் என்ன விழுந்தாலும் கேட்டுக்கொண்டாள்.

வந்த மறுநாளே அண்ணன் அவளைக் கடைக்குக் கூட்டிவந்துவிட்டார். வெளியில் வாங்குகிற பவுடர் கசக்கும், எங்கள் கடையில் நாங்களே செய்கிறோம் என்பது அவருடைய பெருமை. அந்த வேலையை அவள் தலையில் கட்டினார். கூடவே மாவு மூட்டை சுமப்பது, தட்டுகளில் ஒட்டிய கரியைச் சுரண்டுவது, தரை துடைப்பது. ஏற்கெனவே இருந்த வேலைக்காரியை நிறுத்திவிட்டார். கூடப்பிறந்தவளுக்கு யாராவது சம்பளம் கொடுப்பார்களா? சோடாவில் புழங்கிப் புழங்கி அவள் விரல்கள் வெடித்திருந்தன. அதுகூட வலிக்கவில்லை.

"ஒழுங்காத்தான் கலந்தியா?" என்றார் அண்ணன்.

"ஆமாண்ணே. சோடா ஒரு பங்கு, புளிப்புக்கு டார்ட்டர் ரெண்டு பங்கு, ஈரத்த இழுக்கச் சோள மாவு ஒரு பங்கு. திரும்பத் திரும்பச் சலிச்சேன். பாட்டில வெயில்ல காயவச்சுத்தான் போட்டு மூடுனேன்."

"அப்பறம் எப்பிடிக் கட்டி தட்டுது?"

அதுதான் அவளுக்கும் தெரியவில்லை. சாயங்காலம் மூடும்போது தூசி மாதிரி பறக்கிற பவுடர், காலையில் வந்து திறந்தால் கட்டி கட்டியாக இருந்தது. கொட்டிவிட்டுப் புதிதாகச் செய்து வைத்தாலும் மறுநாள் அதே கதை.

"ஈரம் படாமத்தான்..." என்று ஆரம்பித்தாள்.

"ஈரமும் இல்ல, ஒண்ணும் இல்ல. கைராசி இல்ல," என்று வெட்டினாள் அண்ணி.

அந்தச் சொல் போதும். கைராசி என்றால் அண்ணன் உயிரை விடுவார். அண்ணிக்குக் கைராசி என்று எவரோ சொல்லிவைத்ததால், கல்யாணமான நாளிலிருந்து அவள்தான் விடியற்காலையில் தனியாக வந்து கடையைத் திறக்கிறாள். காய்ச்சலில் கிடந்தாலும் அவள் கைதான் பூட்டில் பட வேண்டும்.

"பவுடர நீ செய்யி. இவ பாத்திரம் கழுவட்டும்," என்றார் அண்ணன் இறங்கின குரலில்.

"அந்தக் கை பட்ட பாத்திரத்துல நான் மாவு கலக்கணுமா? நல்லா இருக்கு ஞாயம். அவ கூட்டாளி ஒருத்தி தையல் கம்பெனிக்கு வேலைக்குக் கூப்பிட்டாளே, தங்க எடமும் குடுக்கறாங்கன்னு. அங்கயே போய்த் தொலையட்டும்."

அந்தப் பேச்சு முன்பே ஒருமுறை வந்தது. அப்போது அண்ணன் குதித்தார். "தங்கச்சிய வெளிய வேலைக்கு அனுப்பிட்டு நான் தலைநிமிந்து நடக்கவா?" அண்ணி அன்றைக்குத் தட்டு தேய்த்துக்கொண்டே கேட்டுக்கொண்டிருந்தாள்.

இந்த முறை அண்ணன் குதிக்கவில்லை. வாசலில் ஒரு அம்மாள், பேரன் பிறந்தநாளுக்கு வாங்கின கேக்கை அட்டைப்பெட்டியோடு திருப்பிக்கொண்டு வந்து நின்றிருந்தாள். அண்ணன் அந்தப் பெட்டியைப் பார்த்தார்.

"போகட்டும்," என்றார்.

அவளுக்கு அந்த வீட்டில் இருந்தது பாய் விரிக்க ஒரு சுவரோரம். அதுவும் போயிற்று. பிறந்த வீடும் இல்லை, புகுந்த வீடும் இல்லை என்று மனசு சொல்லிப் பார்த்தது. யாருக்கோ நடப்பது போல இருந்தது.

பஸ் நிலையத்துக்கு அண்ணிதான் கூட வந்தாள். தையல் கம்பெனி இருக்கும் ஊருக்கான பஸ் வந்ததும் அவளை ஏற்றி, ஜன்னல் ஓரம் உட்காரச் சொல்லி, பையை மடியில் வைத்தாள். பக்கத்துச் சீட்டுக்காரர் முறைத்தபிறகுதான் கீழே இறங்கினாள்.

"போய்ச் சேந்ததும் சொல்றேன் அண்ணி," என்றாள் அவள், ஜன்னல் வழியாக.

"ஒண்ணும் சொல்ல வேணாம். ஒன் சத்தமே கேக்கக் கூடாது."

"அண்ணன் திரும்பக் கூப்பிட்டாருன்னா?"

"கூப்பிடுவாரு. ஓசியில ஒழைக்க ஆளு வேணும்ல, நான் ஒருத்தி பத்தாதுன்னு."

பஸ் உறுமியது. அண்ணி ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு, கூடவே நான்கு எட்டு நடந்தாள். அவளுடைய விரல்களும் வெடித்திருந்தன.

"வந்துடாதடி, தெனமும் விடியறதுக்குள்ள பாட்டில்ல ஈரக்கைய விட்டதெல்லாம் வீணாப் போயிரும்."