சொல்லக் கூடாத நினைவு

பீளமேட்டுக் கூடத்தில் வருடாவருடம் நடக்கும் கிரிப்டோ நாணய வார இறுதிக் கூட்டத்தை இந்த வருடம் சுகந்தாமணி தனியாகத்தான் நடத்தினாள். கணவர் நாச்சிமுத்து இறந்து எட்டு மாதம் ஆகியிருந்தது. உரைகளுக்கு ஆள் பிடித்து, பட்டறைகளுக்கு நாற்காலி போட்டு, இரண்டு நாளும் ஓடிக்கொண்டே இருந்தாள்.

இப்போதெல்லாம் கிரிப்டோ பணப்பைக்குக் கடவுச்சொல் இல்லை. யாரிடமும் சொல்லாத ஒரு நினைவுதான் சாவி. அது பிறர் காதில் விழுந்தால் பணப்பை அந்த நொடியே பூட்டிக்கொள்ளும். பிறகு திறக்கவே திறக்காது. சுகந்தாமணியும் நாச்சிமுத்துவும் தங்கள் சேமிப்பை வைத்த பணப்பைக்கு, தங்களிடம் இருந்ததிலேயே நல்ல நினைவைச் சாவியாக்கியிருந்தார்கள். துக்கம் கேட்க வந்தவர்களிடம்கூட அதை அவளால் சொல்ல முடியவில்லை.

ஞாயிறு மாலை, கடைசிப் பட்டறை முடிந்து டீ ஊற்றிக்கொண்டிருந்த உதவியாள் கோகிலா கேட்டாள்.

"ஏனுங்கக்கா, மாமாவப் பத்தி வாயே திறக்க மாட்டேங்கறீங்க. அத்தனை கஞ்சமா?"

சுற்றியிருந்தவர்கள் சிரித்தார்கள். தானும் போய்விட்டால் அந்த நாள் நடந்ததே யாருக்கும் தெரியாது என்று சுகந்தாமணிக்குத் தோன்றியது.

"கல்யாணமான மறுநாள், வால்பாறை பஸ்ல எனக்குக் குமட்டிருச்சு. கையில ஒரு பையும் இல்ல. உங்க மாமா போட்டிருந்த புதுச் சட்டைய ரெண்டு கையிலயும் ஏந்திப் பிடிச்சு, 'இதுல வாந்தியெடு அம்மிணி'ன்னாரு."

இடுப்பில் செருகியிருந்த செல்பேசி ஒருமுறை அதிர்ந்து அடங்கியது. பணப்பை பூட்டிக்கொண்டது; முப்பது வருடச் சேமிப்பு போய்விட்டது.

"அய்யோ! பஸ்ஸுல இருந்தவங்க என்ன சொன்னாங்க?" என்றாள் கோகிலா.

"சொல்றேன், உட்காரு," என்றாள் சுகந்தாமணி.