சவுனாவுக்கு மட்டும் வயர் இல்லை

“டிரில்லை நிறுத்தாதே, அவ காதுல விழுந்துடும்” என்றார் தைஸ்தோ, மகள் நின்ற ஏணிக்குப் பக்கத்தில் வந்து. “என் மாத்திரை டப்பாவை அவதான் ஒளிச்சு வைக்கிறா. ராத்திரி கண் முழிச்சா, தலைமாட்டுல நின்னு என்னையே பாத்துக்கிட்டு இருக்கா.”

சினிக்கா சுவரில் போட்ட ஓட்டை வளைந்துபோயிற்று. அப்பா ரைலியை இரண்டாம் கல்யாணம் செய்துகொண்ட நாளிலிருந்தே அவளுக்கு அந்தப் பெண்மேல் நம்பிக்கை இல்லை.

“அதுக்குத்தானேப்பா வந்திருக்கேன். இனிமே நீங்க இருமினாக்கூட தம்பெரே டவுன்ல உக்காந்திருக்கிற எனக்குத் தெரியும்.”

இந்த ஏரிக்கரைக் காட்டுக்குள் செல்போன் சிக்னல் எட்டாது. வீட்டுக்கு இன்டர்நெட் வருவதோ கூடத்து மூலைக்கு மட்டும். முழு மரங்களை அடுக்கிக் கட்டிய சுவர்கள், ஓர் அறை வைஃபையை அடுத்த அறைக்கு விடுவோமா என்கின்றன.

அப்பாவின் மணிக்கட்டில் அவள் கட்டிவிட்ட கடிகாரத்துக்கு வைஃபைதான் உயிர். அவருடைய நாடித்துடிப்பையும், எந்த அறையில் இருக்கிறார் என்பதையும் அது அவள் போனுக்குச் சொல்லிக்கொண்டே இருக்கும். வீடு முழுக்க வைஃபைப் பெட்டி வைக்கலாமே என்று யோசனை சொன்னதும் அப்பாதான்.

மாடிக்கு வயர் இழுத்து இரண்டாவது ரவுட்டரை மாட்டினாள். அடுக்களைக்கும் வாசல் தாழ்வாரத்துக்கும், வயரில்லாமலே சிக்னலை வாங்கிக் கடத்தும் பெட்டிகள் போதுமாக இருந்தன. வயர் உருளையில் பாதிக்கு மேல் மிச்சம்.

ரைலி காபியும் ஏலக்காய் ரொட்டியும் கொண்டுவந்து வைத்தாள்.

“இன்னும் நிறைய வயர் இருக்கே, சினிக்கா. கரையோரம் தனியா நிக்கிற சவுனா வரைக்கும் ஒண்ணு இழுத்துடேன்.”

“சவுனாவுக்கு எதுக்கு? அந்த ஆவிக் குளியல் சூட்டுப் பக்கமே போகக் கூடாதுன்னு டாக்டர்தான் அப்பாவுக்குச் சொல்லிட்டாரே.”

“நான் போறேனே, தனியா. சுவருக்குள்ள அலுமினியத் தாள் அடிச்சிருக்கு, தாழ்வாரத்துப் பெட்டி உள்ளே எட்டாது. கதவுக்கு வெளிப்பக்கம் தாழ்ப்பாள் வேற மாட்டி வச்சிருக்காரு...”

“நரி வந்து கதவைத் தள்ளுதே, அதுக்குத்தான்!” என்று சிரித்தார் தைஸ்தோ. “சவுனான்னா தேவாலயம் மாதிரி. அங்கேயும் போய் போனை நோண்டணுமா?”

சினிக்காவுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. அம்மா உயிரை விட்டது அந்தச் சவுனாவில்தான். சூட்டில் மயங்கி விழுந்தவளை அப்பாதான் வெளியே தூக்கி வந்தார். அதற்கப்புறம் சினிக்கா அந்தப் படியை மிதித்ததே இல்லை. அம்மா போன இடத்தில் இவளுக்கு இன்டர்நெட் கேட்கிறதோ!

“மகாராணிக்கு வேர்த்து ஊத்துறப்பவும் வீடியோ பாக்கணுமாக்கும்! இது எங்கப்பா உசிருக்காக இழுக்கிற வயர், ரைலி. உன் சொகுசுக்கு இதுல ஒரு முழம்கூடக் கிடையாது.”

ரைலி ஓரக்கண்ணால் தைஸ்தோவைப் பார்த்துவிட்டு அடுக்களைக்குத் திரும்பினாள்.

சினிக்கா கிளம்பும்போது மட்டும், பனியில் கால் புதையப் புதைய கார் வரை ஓடிவந்து அவள் கையைப் பிடித்தாள். “ஒரே ஒரு வயர்தானே, சினிக்கா...”

“போதும் உன் நடிப்பு!” கையை உதறிவிட்டு, உருளையைப் பின்சீட்டில் வீசினாள் சினிக்கா.

பனிக்காலமாதலால் பிற்பகல் மூன்று மணிக்கே இருட்டிவிட்டது. பாதி வழியில் பெட்ரோல் போடும்போது போனைப் பார்த்தாள். அப்பா தாழ்வாரத்தில் இருந்தார். அடுத்த நிமிடம் எங்குமே இல்லை. அவளுக்குத் தூக்கிவாரிப் போட்டது.

நல்லவேளை, சற்று நேரத்தில் அடுக்களைக்குத் திரும்பிவிட்டார். சனிக்கிழமை, சவுனா நாளாயிற்றே. ரைலிக்கு விறகு சுமந்து கொடுத்துவிட்டு வருகிறார் போலிருக்கிறது, பாவம்.

வீட்டு வைஃபையில் இணைந்திருக்கும் போன்களின் பட்டியலில் ரைலியுடையதைக் காணோம். சவுனாவுக்குள் போய்விட்டாள். அவள் அங்கே கிடக்கும் மட்டும் அப்பாவுக்கு ஆபத்தில்லை என்று நிம்மதியாக வண்டியைக் கிளப்பினாள் சினிக்கா.

வீட்டுக்கு வந்து சாப்பிடும்போதும் போனைத் தட்டுக்குப் பக்கத்திலேயே வைத்துக்கொண்டாள். அப்பா அடுக்களையை விட்டு அசையவில்லை. நாடித்துடிப்பு, தூங்குகிற குழந்தையுடையது மாதிரி சீராக இருந்தது.

அப்போதுதான் அப்பா வைஃபை வழியாகப் போனில் கூப்பிட்டார்.

“ரைலி போயிட்டாம்மா. சவுனாலதான். உங்கம்மா மாதிரியே.”

போன் திரையில் அப்பாவின் நாடித்துடிப்பு துளிகூட ஏறவில்லை.

“அப்பா... அந்தத் தாழ்ப்பாள்...”

“போலீஸ் வந்துக்கிட்டிருக்கு” என்றார் அவர், அதே சாந்தமான குரலில். “நான் அடுக்களையிலேயேதான் இருந்தேன்னு நீ பாத்துக்கிட்டுத்தானே கண்ணு இருந்தே?”